மீன் ஏலக் கொட்டகைப் பூனையிலிருந்து எக்ஸ் குரோமோசோமின் வரலாற்றைப் படிப்பது எப்படி

பாம்பன் தெற்குக் கரையில் வல்லம் வந்து ஒதுங்குவதற்கு முன்பே பூனைகள் வந்து உட்கார்ந்துவிடும். வலையை உதறும்போது தெறித்து விழும் காரலும் சூடையும் அவற்றுக்குத்தான். என் அப்பா நாற்பது வருடம் அந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போனவர். நான் ஐந்தாவது படிக்கும்போது, "மூணு கலர் பூனைன்னா அது பொட்டைதாம்மா, கடுவன்ல வராது" என்று சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாத்ததில்ல" என்றார், அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்குள் பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோம் கதை பாதி அடங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிய இன்னும் பதினைந்து வருடம் ஆனது.

இப்போது அதே கரையோரம் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். மரபியல் பாடத்தில் லயோனைசேஷன் என்று ஒரு சின்னப் பத்தி வரும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்படுகிறது, அது பார் உடலமாகச் சுருங்கிக் கிடக்கிறது. இரண்டு மதிப்பெண். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வருடம் தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணுதான். பொம்பளைக்கும் ஒண்ணத்தான் வேல செய்ய விடுறோம். மத்த குரோமோசோம் எல்லாம் ரெண்டு ரெண்டா வேல செய்யுதே, அந்த ஒத்த எக்ஸ் எப்படி ஈடு குடுக்கும்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விஞ்ஞானிகளும் இதே கேள்விக்காக ஐம்பது வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பிள்ளைகளே நடந்து போய்ச் சேர்வதற்கு நான் கண்டுபிடித்த வழியை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் உதவும், தனியாகச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் உதவும். தேவையானவை ஒரு நோட்டு, மூன்று விடியற்காலைகள், பள்ளி மைக்ரோஸ்கோப், வலைக்கடையில் வாங்கிய நைலான் கயிறு மூன்றரை மீட்டர், இணையம் உள்ள ஒரு போன். இருபது நாள் போதும்.

முதலில் பூனையை எண்ணுங்கள்

படகுகள் கரைக்கு வரும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது இறங்குதளத்தில் மீன் இருக்காது, பூனைகள் ஊருக்குள் சிதறிப் போயிருக்கும். மற்ற மாதங்களில் விடிவதற்குச் சற்று முன் போனால், ஏலம் முடிவதற்குள் அந்த இடத்துப் பூனைகளில் பெரும்பாலானவை கண்ணில் பட்டுவிடும்.

நோட்டில் மூன்று பத்தி கிழித்துக்கொள்ளுங்கள். முதலாவது முழுச் செம்பூனை. இரண்டாவது செம்மையே இல்லாதது. கறுப்பு, சாம்பல், மண் நிற வரிப்பூனை எல்லாம் இதில் வரும். மூன்றாவது செம்மையும் கறுப்பும் கலந்தது, மூன்று நிறப் பூனையும் இதில்தான். வெள்ளைத் திட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது வேறு மரபணுவின் வேலை, எக்ஸில் இருப்பதும் இல்லை. உடம்பு முழுக்க வெள்ளையான பூனையை விட்டுவிடுங்கள். அதற்கு அடியில் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

பிள்ளைகள் ஏமாறுவது மண் நிற வரிப்பூனையில்தான். வெயில் பட்டால் அதுவும் சிவப்பாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் வரிகள் கறுப்பாக இருக்கும். உண்மையான செம்பூனையிலும் வரி உண்டு, ஆனால் அந்த வரியும் சிவப்புதான், கறுப்பு முடி இருக்காது. ஒரே பூனையை இரண்டு தடவை எண்ணாமலிருக்க, இரண்டு விலாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி கணக்கு. ஆண் பெண் பார்த்து எண்ண வேண்டிய அவசியமே இல்லை. செம்பூனை எத்தனையோ அதோடு கலப்புப் பூனையில் பாதியைக் கூட்டுங்கள். மொத்தத்தால் வகுங்கள். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம அளவில் இருந்தால், அந்தக் கரையில் இருக்கும் எக்ஸ் குரோமோசோம்களில் எத்தனை பங்கு செம்மரபணுவைச் சுமக்கிறது என்பது வந்துவிடும். ஒரு பேச்சுக்கு 40 பூனையில் 10 செம்பூனை, 8 கலப்பு என்று வைத்துக்கொள்வோம். 10-உம் 4-உம் 14. நாற்பதால் வகுத்தால் 0.35.

இந்த எண்ணை வைத்துத் திரும்பவும் ஊகித்துப் பாருங்கள். கடுவனுக்கு ஒரு எக்ஸ்தான், அதற்கு ஜோடியாக இருப்பது ஒய் குரோமோசோம். ஆகவே நூறு கடுவனில் 35 சிவப்பு. பெட்டை முழுச் சிவப்பாக இருக்க இரண்டு எக்ஸிலும் செம்மரபணு வேண்டும், 0.35-ஐ 0.35-ஆல் பெருக்கினால் நூற்றுக்குச் சுமார் 12. செம்பூனை என்றாலே கடுவனாக இருக்கும் என்று ஊரில் சொல்வதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். கலப்பு நிறம் வர ஒரு எக்ஸில் செம்மை, இன்னொன்றில் கறுப்பு என்று இரண்டு வேண்டும். கடுவனுக்கு அதற்கு வழியில்லை. அபூர்வமாக மூன்று நிறக் கடுவன் பிறந்தால், பெரும்பாலும் அதற்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும். அப்பா நாற்பது வருடத்தில் பார்க்காதது அதனால்தான்.

இந்தச் செம்மரபணு எது என்பது 2025-ல்தான் அச்சில் வந்தது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் குழுவும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. எக்ஸில் ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவுக்குள் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அந்த மரபணு தயாரிக்கும் புரதம் மாறவில்லை. மாறியது எங்கே, எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதுதான். வழக்கமாக நிறச் செல்லில் இந்த மரபணு வாய் திறக்காது. அந்தத் துண்டு விடுபட்டதும் நிறச் செல்லில் உரக்கப் பேச ஆரம்பிக்கிறது, கறுப்பு நிறமி தயாரிப்பு நின்று சிவப்பு வருகிறது. இதை வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். மரபணு இருப்பது வேறு, அது படிக்கப்படுவது வேறு. மரபணு வெளிப்பாடு என்று புத்தகம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். இங்கிருந்து கடைசி வரை அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அடுத்து திட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கலப்புப் பூனையின் முதுகில் ஒரு செந்திட்டு இருக்கிறதே, அது கருவில் எப்போதோ ஒரு செல் எடுத்த முடிவின் வாரிசு. கரு மிகச் சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அம்மா எக்ஸையோ அப்பா எக்ஸையோ குருட்டாம்போக்கில் அணைத்துவிடுகிறது. பிறகு அந்தச் செல் எத்தனை முறை பிரிந்தாலும் அதே எக்ஸ்தான் அணைந்திருக்கும். 1961-ல் மேரி லயோன் எலியின் ரோமத் திட்டுகளைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்.

2001 டிசம்பரில் டெக்சாஸில் சிசி என்று ஒரு பூனையை நகலெடுத்துப் பிறக்க வைத்தார்கள். மூலப் பூனை மூன்று நிறம், குட்டியில் சிவப்பே இல்லை. டி.என்.ஏ. ஒன்றேதான். எந்தச் செல்லின் உட்கருவை எடுத்தார்களோ அதில் செம்மரபணு இருந்த எக்ஸ் ஏற்கெனவே அணைந்திருந்தது, அந்த நினைவு அழியவில்லை. பிள்ளைகள் அசந்து போகும் இடம் இது. நானும் ஒவ்வொரு வருடமும் அசந்து போகிறேன்.

அணைந்த எக்ஸைக் கண்ணால் பார்ப்பது

1949-ல் கனடாவில் முர்ரே பாரும் அவரது மாணவர் பெர்ட்ராமும் பெண் பூனையின் நரம்புச் செல்களில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். ஆண் பூனையில் அது இல்லை. நம் மண்டபம் முகாமுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்ததும் அதே 1949-ல்தான். பிள்ளைகளுக்கு வருடம் மறக்காமலிருக்க இதைச் சொல்வேன். பத்து வருடம் கழித்து, அந்தப் புள்ளி சுருங்கிக் கிடக்கும் ஒற்றை எக்ஸ் என்று காட்டியவர் சுசுமு ஓனோ. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

பூனை நரம்புக்குப் போக வேண்டாம், கன்னத்தின் உட்புறம் போதும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, தட்டையான ஐஸ் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். முதலில் வருவது செத்த செல், அதைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு முறை சுரண்டி எடுத்ததைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஈரம் காய்வதற்குள் 95 சதவீத ஆல்கஹாலில் கால் மணி நேரம் வையுங்கள். எடுத்து உலர்த்தி, அசிட்டோ ஆர்சின் சாயம் இரண்டு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் வைத்து, பத்து நிமிடம் கழித்து வடிதாளால் அழுத்தி எடுங்கள். முதலில் பத்து மடங்கு லென்சில் மடிப்பில்லாத, ஒன்றின் மேல் ஒன்று ஏறாத செல்களைத் தேடிவிட்டு நாற்பது மடங்குக்கு மாறுங்கள். எண்ணெய் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. உட்கருவின் ஓரத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தட்டையாக ஒரு புள்ளி தெரியும். எல்லாச் செல்லிலும் தெரியாது. புள்ளி உட்கருவின் மேல் பக்கமாகவோ அடிப்பக்கமாகவோ இருந்தால் மறைந்துவிடும். ஐம்பது உட்கருவையாவது பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

கன்னம் யாருடையது என்பதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆரம்ப வருடங்களில் பிள்ளைகளையே அவரவர் கன்னத்தைச் சுரண்டச் சொன்னேன். ஒரு பெண்ணின் ஸ்லைடில் புள்ளி எதுவும் தெரியவில்லை. சாயம் சரியாக ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் பின் பெஞ்சில் கிசுகிசு கிளம்பிவிட்டது. அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நான் அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இதே புள்ளியை வைத்துத்தான் வீராங்கனைகளைச் சோதித்தார்கள். புள்ளி ஒருவர் ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஒரு எக்ஸ் மட்டும் உள்ள பெண்கள் உண்டு, இரண்டு எக்ஸ் உள்ள ஆண்கள் உண்டு. அதற்குப் பிறகு என் கன்னத்தை மட்டும்தான் சுரண்டுகிறேன். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏன் அணைக்க வேண்டும்: உப்புக் கணக்கு

என் சின்னம்மா கருவாடு போடுவார். மீனுக்கேற்ற உப்பு வேண்டும். பாதியாகக் குறைந்தால் புழு வைக்கும், இரட்டிப்பானால் வாயில் வைக்க முடியாது. செல்லிலும் பல புரதங்கள் கூட்டாகச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் மட்டும் சுமார் 80 புரதங்கள். அவற்றை எழுதும் மரபணுக்கள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. சில எக்ஸில் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மற்றவை இரட்டைப் பிரதியிலிருந்து வர, இது மட்டும் ஒற்றைப் பிரதியிலிருந்து வந்தால் கணக்கு உதைக்கும்.

போர்டில் இதை எண்ணாகவே எழுதுங்கள். ஆதியில் எக்ஸும் ஒய்யும் சாதாரண ஜோடிதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் 2. பிறகு ஒய் தேய்ந்து மரபணுக்களை இழக்கிறது, ஆணுக்கு 1. அந்த ஒன்றை இரண்டு மடங்கு உரக்கப் படிக்கும் மாற்றம் வந்தால் ஆணுக்கு மறுபடி 2. ஆனால் பெண்ணுக்கும் அதே உரத்த எக்ஸ் இரண்டு, ஆக 4. இப்போது பெண் ஒன்றை அணைக்கிறாள், 2. எல்லாம் சமம். ஓனோ 1967-ல் போட்ட கணக்கு இதுதான். தங்கச்சிமடத்துப் பிள்ளை கேட்டது இதில் நடுப்படியை. அந்த இரண்டு மடங்கு உண்மையிலேயே நடந்ததா?

மற்ற உயிர்கள் வேறு வழியில் போயின. பழ ஈயில் ஆண் தன் ஒற்றை எக்ஸை இரட்டிப்பாகப் படிக்கிறது. ஒரு சின்ன உருளைப்புழுவில் இரண்டு எக்ஸ் உள்ளது இரண்டையும் பாதியாகத் தணிக்கிறது. கோழியில் சேவலுக்குத்தான் ஒரே மாதிரி இரண்டு, இசட் இசட். பெட்டைக்கு இசட்டும் டபிள்யூவும். அங்கே முழுக் குரோமோசோமையும் அணைக்கும் ஏற்பாடு இல்லை, சில மரபணுக்கள் மட்டும் ஈடு செய்யப்படுகின்றன. உப்புச் சிக்கல் எல்லாருக்கும் ஒன்றுதான், ஒவ்வொரு பரம்பரையும் தனக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்திருக்கிறது.

கயிற்றில் காலம்

நைலான் கயிற்றை வகுப்பு நீளத்துக்குக் கட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் பத்து லட்சம் வருடம். ஒரு முனை இன்றைக்கு. அங்கிருந்து சுமார் 320 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, கோழியின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்த இடம். சுமார் 180-இல் இன்னொரு முடிச்சு. எக்ஸாக மாறவிருந்த குரோமோசோம் ஜோடியில் ஒன்றில் சாக்ஸ்3 என்ற மரபணு உருமாறி எஸ்ஆர்ஒய் ஆனது, கருவை ஆணாக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. சுமார் 160-இல் கங்காரு வம்சம் பிரிகிறது. சுமார் 90-இல் பூனையும் நாமும் பிரிகிறோம். 180-க்குச் சற்று முன்பே பிரிந்து போன பிளாட்டிபஸ்ஸுக்கு ஐந்து எக்ஸ், ஐந்து ஒய். அவை நம் எக்ஸோடு உறவில்லாதவை, பறவையின் இசட்டோடுதான் உறவு. நம் எக்ஸுக்கு வயது 180-க்கு மேல் போகாது என்பதற்கு அது ஒரு சாட்சி.

எஸ்ஆர்ஒய் வந்த பிறகு என்ன ஆனது? எக்ஸும் ஒய்யும் விந்து உருவாகும்போது துண்டுகளை மாற்றிக்கொள்வதை ஒரேயடியாக நிறுத்தவில்லை, கட்டம் கட்டமாக நிறுத்தின. 1999-ல் லான், பேஜ் என்ற ஆராய்ச்சியாளர்கள் மனித எக்ஸில் அப்படி நான்கு கட்டங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மாற்றிக்கொள்ளாத பகுதியில் பழுது பட்டால் ஒய்யால் சரி செய்ய முடியாது. 600-க்கு மேல் இருந்த ஆதி மரபணுக்களில் மனித ஒய்யில் மிஞ்சியவை 20-க்கும் குறைவு.

இந்த மிஞ்சியவற்றை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். 2014-ல் பல பாலூட்டிகளின் ஒய்யை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தப்பிப் பிழைத்தவை தற்செயலாக மிஞ்சியவை அல்ல என்று தெரிந்தது. உடம்பு முழுக்க வேலை செய்பவை, மற்ற மரபணுக்களை நிர்வகிப்பவை, அளவு குறைந்தால் தாங்காதவை. அதாவது உப்பு மாதிரியானவை. நான் மேலே சொன்ன ரைபோசோம் மரபணு ஆர்பிஎஸ்4 அப்படி ஒன்று. மனித ஒய்யில் அதற்கு ஜோடி இன்னும் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸில் ஒன்று, ஒய்யில் ஒன்று. சரி, அப்போது பெண்ணுக்கு? பெண்ணின் அணைந்த எக்ஸிலும் அந்த மரபணு மட்டும் அணையாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஒய்யில் ஜோடி பிழைத்திருக்கிற இடத்தில், எக்ஸில் அணைப்பு பெரும்பாலும் விலகி நிற்கிறது. எலியின் ஒய்யில் ஆர்பிஎஸ்4 இல்லை. அங்கே பெண் எலியின் அணைந்த எக்ஸில் அது ஒழுங்காக அணைந்துதான் கிடக்கிறது. இரண்டு கணக்கும் நேர்படுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுங்கள், நீங்கள் முந்திச் சொல்ல வேண்டாம்.

மனிதரில் எக்ஸின் மரபணுக்களில் ஆறில் ஒன்று அளவுக்கு இப்படி அணைப்பிலிருந்து தப்புகின்றன. இன்னும் சில, ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு எக்ஸ் மட்டும் உள்ள டர்னர் நிலையில் உடல் பாதிப்பு ஏன் வருகிறது என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான். இரண்டாவது எக்ஸ் முழுக்க ஊமையாக இருந்தால் அது இல்லாததால் குறை வந்திருக்கக் கூடாது.

அணைப்பது யார்? எக்ஸிஸ்ட் என்ற மரபணு. 1991-ல் கண்டுபிடித்தார்கள். அது புரதம் தயாரிப்பதில்லை. 17,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ.வாக நின்று, தான் பிறந்த எக்ஸையே போர்த்தி மூடிவிடுகிறது. கோழியில் அந்த இடத்தில் சாதாரணமாகப் புரதம் தயாரிக்கும் ஒரு மரபணு இருக்கிறது, அதன் பெயர் எல்என்எக்ஸ்3. நம் பரம்பரையில் அது புரதம் தயாரிக்கும் திறனை இழந்து, அதன் மிச்சங்களிலிருந்து எக்ஸிஸ்ட் உருவானது. கங்காருவில் எக்ஸிஸ்ட் கிடையாது, ஆர்எஸ்எக்ஸ் என்ற வேறொரு ஆர்.என்.ஏ. அதே வேலையைச் செய்கிறது. அங்கே குருட்டாம்போக்கும் கிடையாது, எப்போதும் அப்பாவிடமிருந்து வந்த எக்ஸ்தான் அணையும். கங்காருவுக்கு எக்ஸில் செம்மரபணு இருந்திருந்தால் மகளின் ரோமத்தில் அம்மா தந்த நிறம் மட்டும்தான் தெரியும், திட்டு வராது. நம் கடலில் திரியும் ஆவுளியா என்ற கடல் பசுவும் ஓங்கல் என்ற டால்பினும் பூனை பக்கம்தான், கங்காரு பக்கம் அல்ல.

கோழியிடம் கேளுங்கள்

இனி அந்த நடுப்படி. இரண்டு மடங்கு உரக்கப் படிக்கும் மாற்றம் நடந்ததா?

2006-ல் எக்ஸ் மரபணுக்களின் சராசரிக் குரலையும் மற்ற குரோமோசோம்களின் சராசரியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய சமம், ஆகவே ஓனோ சொன்னது சரி என்றார்கள். 2010-ல் ஆர்.என்.ஏ.வை நேரடியாக எண்ணும் புதிய முறையில் பார்த்தவர்கள், எக்ஸ் பாதிதான், ஓனோ சொன்னது தவறு என்றார்கள். அடுத்த வருடமே மறுப்பு வந்தது. எக்ஸில் விந்தகத்தில் மட்டும் பேசும் மரபணுக்கள் நிறைய, மற்ற உறுப்புகளில் அவை பூஜ்யம், அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் குறையத்தானே செய்யும்? ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. தேர்வுக்கு வராத பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டு வகுப்புச் சராசரி எடுத்தால் என்ன வருமோ அதுதான்.

ஆனால் சராசரியைச் சரி செய்தாலும் கேள்வி தீரவில்லை. ஒரே உயிருக்குள் எக்ஸையும் மற்றதையும் ஒப்பிடுவது ஆதியில் எப்படி இருந்தது என்று சொல்லாது. எக்ஸ் தொடக்கத்திலிருந்தே மெதுவாகப் பேசும் குரோமோசோமாக இருந்திருந்தால்? அதே மரபணு இன்னும் சாதாரண ஜோடியாக இருக்கும் ஒரு உயிரில் அது எவ்வளவு படிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த உயிர் நம் கொல்லையில் கிளறிக்கொண்டிருக்கிறது.

போனில் ஆன்சம்பல் (Ensembl) என்ற இலவச மரபணுத் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மனிதனைத் தேர்ந்தெடுத்து, பிஜிகே1 என்ற மரபணுவை ஆங்கில எழுத்தில் தட்டினால் எக்ஸ் குரோமோசோம் என்று வரும். அதே பக்கத்தில், அந்த மரபணு மற்ற உயிர்களில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆர்த்தலாக்ஸ் பகுதிக்குப் போய்க் கோழியைத் தேடுங்கள். 4-ஆம் குரோமோசோம். இப்போது தசைச் சிதைவு நோய்க்குக் காரணமான டிஎம்டியைத் தட்டுங்கள். மனிதனில் அதுவும் எக்ஸ்தான், கோழியில் 1-ஆம் குரோமோசோம். நம் எக்ஸ் இரண்டு துண்டை ஒட்டித் தைத்தது என்பது இப்போது தெரியும். டிஎம்டி கங்காரு வம்சத்தில் சாதாரணக் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆகவே அந்தத் துண்டு நம் எக்ஸோடு வந்து ஒட்டியது, கயிற்றில் 160-க்கும் 90-க்கும் நடுவில். பிள்ளைகளையே அந்த இடத்தில் முடிச்சுப் போடச் சொல்வேன். இதைக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2012-ல் ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் கோழியை ஆதி நிலையாக வைத்துக் கணக்கிட்டார்கள். வந்த விடை ஓனோவுக்குப் பாதி சாதகம், பாதி பாதகம். நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளில் எக்ஸ் முழுவதும் இரட்டிப்பாகவில்லை. பல மரபணுக்கள் ஆதியில் இருந்ததில் பாதியோடு நின்றுவிட்டன. சில இடங்களில் எக்ஸ் குரல் உயர்த்துவதற்குப் பதிலாக, அதோடு கூட்டு வேலை செய்யும் மற்ற குரோமோசோம் மரபணுக்கள் தங்கள் குரலைத் தணித்திருக்கின்றன. உப்பைக் கூட்ட முடியாதபோது மீனைக் குறைத்துக்கொண்டது போல. கங்காருவின் உறவான ஒப்போசத்தில் எக்ஸ் முழுக்க உயர்ந்திருப்பதாகத் தெரிந்தது. நம்மிலும், பல புரதங்கள் சேரும் பெரிய கூட்டு வேலையில் இருக்கும் எக்ஸ் மரபணுக்கள் உயர்ந்திருக்கின்றன. அளவு முக்கியமான இடத்தில் ஈடு, முக்கியமில்லாத இடத்தில் பாதியே போதும். என் மனசுக்கு, முழுக்க இரட்டிப்பு என்று வந்திருந்தால் கிடைத்திருக்கும் விடையைவிட இது அழகானது.

விந்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விந்து உருவாகும் ஒரு கட்டத்தில் எக்ஸும் ஒய்யும் இரண்டுமே வாயடைத்துப் போகும். பிஜிகே1 சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கத் தேவையான மரபணு, அது நின்றால் செல் என்ன செய்யும்? அதன் நகல் ஒன்று முன்பே சாதாரணக் குரோமோசோமுக்குக் குடிபெயர்ந்து பிஜிகே2 ஆகி, அங்கே அந்த நேரத்தில் வேலை செய்கிறது. இந்த இரண்டு பெயரையும் அதே தளத்தில் தட்டிப் பாருங்கள்.

அம்மாக்களிடம் இதைச் சொல்லும்போது நான் பூனையைவிட ரத்தத்தைச் சொல்வேன். ராமேஸ்வரம் தீவில் மலேரியா பழகிய நோய். அதற்குக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரை, ஜி6பிடி என்ற நொதி சிவப்பணுவில் குறைவாக உள்ளவர்களுக்கு ஆகாது. அந்த நொதியின் மரபணு எக்ஸில் இருக்கிறது. ஒரு எக்ஸில் மட்டும் குறை உள்ள பெண்ணின் ரத்தத்தில், நொதி உள்ள சிவப்பணுவும் இல்லாத சிவப்பணுவும் கலந்து ஓடும், பூனையின் செந்திட்டும் கருந்திட்டும் போல. கலப்பு எந்த விகிதம் என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் வேறு. ஆகவே பரிசோதனையில் நடுத்தரமாக எண் வந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு மாத்திரை போடுங்கள் என்பேன்.

இந்த வருடக் கணக்கு இன்னும் முடியவில்லை. ஐஸ் கம்பெனிச் சுவரோரம் எங்கள் நோட்டில் ஒன்பதாம் எண் பூனை, மூன்று நிறப் பெட்டை, போன வாரம் நான்கு குட்டி போட்டிருக்கிறது. இரண்டு கறுப்பு, ஒன்று கலப்பு, ஒன்று முழுச் சிவப்பு. அந்தச் செங்குட்டி கடுவன் என்றால் தகப்பன் நிறம் பற்றி அது எதுவும் சொல்லாது, அதன் ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வந்தது. பெட்டை என்றால் இரண்டு எக்ஸிலும் செம்மரபணு இருக்கிறது, தகப்பன் செம்பூனையாகத்தான் இருக்க வேண்டும். கொட்டகையில் வளர்ந்த செங்கடுவன் இரண்டே இரண்டு, நான்காம் எண்ணும் பதினேழாம் எண்ணும். கண் திறந்து இன்னும் இரண்டு மூன்று வாரம் போனால் குட்டியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தப் பத்தியை நோட்டில் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.